மூட்டத்துக்கு மூன்று வேளை வணக்கம்

கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லிப் பிழைப்பவர்கள் நாட்டில் ஏராளம். கண்ணுக்கு எவ்வளவு தெரியாமல் போகிறது என்று சொல்லிப் பிழைப்பவர்கள் நாங்கள்.

கும்பகோணத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் துறை லேப் அசிஸ்டென்ட் நான். பெயர் கற்பகம். எங்கள் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சென்னையிலிருந்து ஒரு புரொபசர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன கருவி ஒன்று இருக்கிறது. முழங்கை நீளத்துக்கு ஒரு குழாய், நுனியில் கண்ணாடி. சூரியன் கிளம்பியதிலிருந்து சாயும் வரை அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு தானாகத் திரும்பும். மார்கழி, தை மாதங்களில் பனியும் புகையும் தூசியும் கலந்து நம் ஊர் வானத்தில் ஒரு மூட்டம் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறதே, அதைத் தாண்டி வருவதற்குள் வெயிலில் எத்தனை பங்கு காணாமல் போகிறது என்று அது கணக்கெடுக்கும். கருவியைத் துடைப்பது, கணக்கைச் சென்னைக்கு அனுப்புவது, கணக்கு சரியில்லை என்று திட்டு வாங்குவது, மூன்றும் என் பொறுப்பு.

வெட்டவெளியில் கருவியை வைத்துவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரியும் என் இனத்தாரே! மழைமானிக்குள் பல்லி முட்டையிட்டதைப் பார்த்தவர்களே, காற்றுமானிக் கம்பத்தில் யாரோ பாவாடை காயப்போட்டதைப் பார்த்தவர்களே! நாம் எப்போதும் தோற்ற கதைகளைத்தான் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். இது ஜெயித்த கதை. கொஞ்சம் அலட்டிக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலேயா, கீழேயா?

மாடிக் கருவி போதாதென்று டிபன் பாக்ஸ் அளவில் கைக்கருவி ஒன்றும் கொடுத்திருந்தார்கள். வாரம் ஒருநாள் வயல்பக்கம் போய் அதைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்த வேண்டும். முதல் நாள் திருவிடைமருதூரைத் தாண்டி ஒரு வாய்க்கால் கரையில் ஸ்கூட்டியை நிறுத்திக் கருவியை வெளியே எடுத்தேன். ஐந்து நிமிஷத்தில் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். டெல்டாவில் கையில் கருவியோடு யார் வயலில் நின்றாலும், பூமிக்கு அடியில் எண்ணெய் தேட வந்த ஆள் என்றுதான் அர்த்தம். ஒருவர் என் வண்டி நம்பரைப் படம் பிடித்தார். இன்னொருவர் என் அடையாள அட்டையைப் படம் பிடித்தார். மூன்றாமவர் என்னையே படம் பிடித்தார்.

முன்னால் வந்து விசாரணை நடத்தியவர் தியாகராஜன். ஊருக்கு தியாகு. ஐம்பது வயது, சொந்தத்தில் இரண்டு ஏக்கர், குத்தகைக்கு இரண்டு. நான் புகை, பனி, வெயில் என்று தொண்டை வற்ற விளக்கினேன். அவர் கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் பார்த்தார். மண்ணுக்குள் ஒயர் ஏதாவது போகிறதா என்று குனிந்து பார்த்தார். கடைசியில் கருவியை என் கையில் கொடுத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "கீழ இருக்கறத எடுக்க வந்திருந்தீங்கன்னா விட்டிருக்க மாட்டோம். மேல இருக்கறத எவ்வளவு வேணாலும் எடுத்துக்கிட்டுப் போங்க மேடம், எங்களுக்கு அது வேண்டாம்."

வணக்கம், வணக்கம், வணக்கம்

நான் வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால் யாரும் அந்தப் பக்கம் சருகு கொளுத்தாமல் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி, தியாகு அண்ணன் என்னை அவர்கள் ஊர் விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் அன்று பிடித்தது சனி. காலை பத்து மணிக்கு 'காலை வணக்கம்', ஒரு மணிக்கு 'மதிய வணக்கம்', நாலு மணிக்கு 'மாலை வணக்கம்'. மூன்றையும் அனுப்புவது அவரே. ஒவ்வொன்றிலும் ஒரு படம், படத்தின் மேல் எழுத்து, எழுத்தின் மேல் ரோஜாப்பூ. பத்து மணிக்கு என்ன காலை வணக்கம் என்று கேட்டால், டீ குடித்துவிட்டு வருவதற்கு அவ்வளவு நேரமாகிவிடுகிறதாம்.

என் போனில் இடம் தீர்ந்து, ஒருநாள் கருவியின் கணக்கே இறங்க மறுத்தது. எனக்குக் கோபம் மூக்கின் மேல் வரும். குழுவை மியூட்டில் போட்டு, படம் இறங்காதபடி அதன் வாயை நிரந்தரமாக அடைத்து வைத்துவிட்டு, அடுத்த முறை அவரைப் பார்த்தபோது முகத்துக்கு நேரே சொன்னேன்: "அண்ணே, நீங்க அனுப்பறதை நான் பாக்கறதே இல்லை." மனிதர் கொஞ்சமாவது வாடினாரா? இல்லை. "நீங்க பாக்கணும்னு அனுப்பலீங்க மேடம்," என்றார், "நான் இருக்கேன்னு நாலு பேருக்குத் தெரியணும்ல, அதுக்குத்தான்."

தாம்பாளத்தில் நெல்

ஒருநாள் கைக்கருவி காட்டிய எண்ணை எட்டிப் பார்த்துவிட்டுத் தியாகு அண்ணன் கேட்டார், இந்த நம்பரை வைத்து நெல் காய எத்தனை நாளாகும் என்று சொல்ல முடியுமா என்று. ஊருக்கே தெரிந்த விஷயம்தான். அரசாங்கக் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் பதினேழு சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். பனிக்காலத்தில் மெஷின் அறுத்துப் போடுகிற நெல் ஈரமாகத்தான் வரும். அதைக் கொட்டி, காலால் கோடு கோடாக இழுத்துவிட்டு, வெயிலை நம்பி உட்கார வேண்டும். அந்த வெயிலைத்தான் நான் இத்தனை நாளாக அளந்துகொண்டிருக்கிறேன். ஆனால் அது எதற்கு ஆகும் என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாளிலிருந்து ஒரு தாம்பாளத்தில் ஈர நெல்லைப் பரப்பி மாடிக் கருவிக்குப் பக்கத்தில் வைத்தேன். காலையில் ஒரு எடை, மாலையில் ஒரு எடை, வேதியியல் துறைத் தராசில். அணில், கிளி வராமல் குச்சியோடு காவல் காத்தவர் எங்கள் வாட்ச்மேன் பக்கிரிசாமி அண்ணன். ஒரு மாதத்தில் விஷயம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. வானம் தெளிந்த நாளில் நெல் மளமளவென்று காய்ந்தது. மூட்டம் தடித்த நாளில் வெயில் அடிப்பதுபோல் தோன்றினாலும் சாயந்திரம் எடை அப்படியே இருந்தது. பெருமை தாங்காமல் சென்னைக்குப் போன் போட்டேன். புரொபசர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏன் கற்பகம், வானத்தைப் பார்க்கக் கருவி வாங்கிக் கொடுத்தா, அதுக்குப் பக்கத்துல வத்தல் போட ஆரம்பிச்சிட்டீங்களா?"

பொங்கலுக்கு ஒரு பொட்டு

அந்த வருஷம் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் தியாகு அண்ணன் வயலில் அறுப்பு. நெல்லைக் கொண்டுபோய்க் கொள்முதல் நிலைய வாசலில் குவித்தார். ஈரம் பார்க்கிற மெஷின் பதினேழுக்கு மேலே காட்டியது. காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்றுவிட்டார்கள். எதில் காயவைக்க? பத்து மணிக்குப் பனி விலகும், மூட்டம் விலகாது. சூரியன் நிலா மாதிரி வெளுத்துப்போய் நின்றது, பார்த்தால் கண் கூசவில்லை. டோக்கன் வரிசை போய்விடும் என்பதால் குவியலை விட்டு நகரவும் முடியாது. அங்கேயே ஒரு சிமென்ட் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். படுதாவுக்கு அடியில் நெல் புழுங்க ஆரம்பித்தது. இன்னும் சில நாள் போனால் முளைத்துவிடும். குத்தகை நிலத்து நெல் அது, போனால் ஒரு வருஷ உழைப்பு போச்சு. ஊர் ஊராக இதே கதை. ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லி எல்லோரும் மனுக் கொடுத்தார்கள். பார்வையிட அதிகாரிகள் குழு வருகிறது என்று தகவல் வந்தது. அவர்கள் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: உண்மையிலேயே வெயில் இல்லையா, இல்லை நீங்கள் காயவைக்கவில்லையா? நான் மார்தட்டினேன். "கவலைப்படாதீங்கண்ணே, எங்க மாடியில சாட்சி நிக்குது!"

பொங்கல் லீவுக்கு மாமியார் வீட்டுக்கு, குத்தாலத்துக்குப் போனேன். அங்கிருந்தே போனில் கணக்கைப் பார்த்தேன். பொங்கலிலிருந்து நாலு நாளும் மூட்டம் எகிறியிருந்தது. அதுவரை நான் பார்த்திராத எண்கள். சந்தோஷத்தில் தியாகு அண்ணனுக்கு அனுப்பினேன், அவர் ஊருக்கே அனுப்பினார். லீவு முடிந்து மாடி ஏறினால், என் கருவி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. கழுத்தில் சாமந்தி மாலை. குழாய் நுனியில், சரியாகக் கண்ணாடியின் நடுவில், சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம். நாலு நாளாக மூட்டம் என்று அது சொன்னதெல்லாம் அந்தச் சந்தனத்தைத்தான். நான் போட்ட சத்தத்தில் புறாக்கள் பறந்தன. பக்கிரிசாமி அண்ணனுக்கு என் கோபம் புரியவே இல்லை. "நாள் முழுக்க சூரியனையே கும்பிட்டுக்கிட்டு நிக்குது. பொங்கலன்னைக்கு அதுக்கு ஒரு பொட்டு வைக்கலேன்னா, நாமெல்லாம் மனுசங்களா மேடம்?"

அத்தாட்சி

படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒரு நிமிஷம் புத்தி கெட்டும் போனது. துடைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? எண்கள் எல்லாம் விவசாயிக்குச் சாதகமாகத்தானே இருக்கின்றன? புரொபசருக்குப் போன் செய்தேன். அவர் தயங்கவே இல்லை. அந்த நாலு நாளைக் காலியாக விட்டுவிடுங்கள் என்றார். சரிதான். ஆனால் நெல் புழுங்கியது அந்த நாலு நாளில்தான். அதைக் காலியாக விட்டால் எங்கள் தரப்பில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

கொள்முதல் நிலையத்துக்குப் போய்த் தியாகு அண்ணனிடம் உள்ளதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். படுதாவைத் தடவிக்கொடுத்தார். அந்த நாலு நாளும் தான் இங்கேயேதான் உட்கார்ந்திருந்ததாகவும், வெயில் எப்படி இருந்தது என்று தன் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னார். வந்த ஆற்றாமையில் அவர் மேலேயே எரிந்து விழுந்தேன். "நீங்க பாத்தீங்கண்ணே. பாத்ததுக்கு என்ன அத்தாட்சி இருக்கு?" அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? அதான் தினம் மூணு வேளையும் அனுப்பினேனே!"

ரோஜாவுக்குப் பின்னால் கோபுரம்

அடைத்து வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவின் வாயைத் திறந்தேன். அறுப்பு முடிந்த நாளிலிருந்து ஒவ்வொரு வணக்கமும் ஒரே படம். அதே சிமென்ட் கட்டை, அதே கோணம், அதே மூன்று வேளை. முன்னால் படுதா போர்த்திய குவியல். பின்னால் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி. அதற்குப் பின்னால் செல்போன் டவர். அதற்கும் பின்னால், வெகு தூரத்தில், கோயில் கோபுரம். நகர முடியாத மனிதர் நகராமல் எடுத்த படங்கள்! தூரம் தெரிந்த பொருள்களில் எது தெரிகிறது, எது மறைகிறது என்று பார்த்து மூட்டத்தை மதிப்பிடுவது எங்கள் தொழிலில் ஆதிகாலத்து முறை. கருவி வந்த பிறகு நாங்கள்தான் மறந்துவிட்டோம்.

ஒரே சிக்கல், பாதிப் படங்களில் கோபுரத்தின் மேல் ரோஜாப்பூ. அவர் போனை வாங்கிப் பூ இல்லாத மூலப் படங்களை எடுத்தேன். ஸ்கூட்டியில் போய்த் தொட்டிக்கு, டவருக்கு, கோபுரத்துக்குத் தூரம் அளந்தேன். முதலில் பொட்டு வைப்பதற்கு முந்தைய நாட்களையும் துடைத்த பிறகு வந்த நாட்களையும் ஒப்பிட்டேன். கருவி என்ன சொன்னதோ, படங்களும் அதையே சொல்லின. கருவி 'தடிப்பு' என்ற நாளில் டவர் மறைந்திருந்தது. கருவி 'தெளிவு' என்ற நாளில் கோபுரத்துக் கலசம் வரை தெரிந்தது. அப்புறம்தான் அந்த நாலு நாளைத் திறந்தேன். பொங்கல்: தொட்டி மட்டும். காணும் பொங்கல்: தொட்டியும் அரைகுறையாக. மறுநாள் ஞாயிறு: டவர் நிழல் மாதிரி. நடுவில் மாட்டுப் பொங்கல் மட்டும், மதிய வணக்கத்தில் கோபுரம் ஜம்மென்று நிற்கிறது. அன்று வெயில் அடித்திருக்கிறது. தியாகு அண்ணன் தலையைச் சொறிந்தார், அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடலாமா என்று. பாவத்தைக் கழிக்க என்னோடு படங்களை அடுக்கிக்கொண்டிருந்த பக்கிரிசாமி அண்ணன்தான் நிமிர்ந்தார். "பொட்டு வச்சவன் சொல்றேன், இனிமே எதையும் மறைக்க வேண்டாங்க. உள்ளது உள்ளபடி கொடுத்துடுங்க."

குழு வந்த நாள்

அதிகாரிகள் குழு வந்த அன்று வானம் எங்களைப் பழிவாங்கியது. சுள்ளென்று வெயில். தலைமை அதிகாரி காரைவிட்டு இறங்கியதும் நெற்றியைத் துடைத்தார். இந்த வெயிலிலா காயவில்லை என்று அவர் கேட்கவில்லை, முகம் கேட்டது. நான் கட்டுக் காகிதத்தை நீட்டினேன். கருவியின் கணக்கு, தாம்பாளத்து நெல்லின் எடை, தியாகு அண்ணனின் வணக்கங்கள். அவர் விரல் நேராகப் போய்க் கருவிக்கணக்கில் காலியாக இருந்த நாலு நாளில் நின்றது. நடந்ததைச் சொன்னேன், சந்தனம் குங்குமம் உட்பட. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கருவி நன்றாக இருந்த நாட்களையும் படங்களையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். நிமிர்ந்து தொட்டி, டவர், கோபுரம் மூன்றையும் தன் கண்ணால் பார்த்தார். சிமென்ட் கட்டையில் உட்கார்ந்தும் பார்த்தார். என் இனத்தாரே, அந்த ஐந்து நிமிஷம் எனக்கு ஐந்து வருஷம்.

பிறகு மாட்டுப் பொங்கல் படத்தை எடுத்துத் தியாகு அண்ணன் பக்கம் திருப்பினார். இந்த ஒரு நாள் நல்ல வெயில் அடித்திருக்கிறதே, அன்றைக்கு ஏன் காயவைக்கவில்லை என்று கேட்டார். தியாகு அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாகச் சொன்னார்: "அன்னைக்கு மாட்டுப் பொங்கல் சார். மாடே லீவுல இருந்திச்சு, ஆளு எங்கேருந்து வரும்?"

கடைசி வணக்கம்

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. சில நாளில் ஆணை வந்தது: ஈரப்பத வரம்பு தளர்த்தப்பட்டது. எங்கள் காகிதக் கட்டு மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், எத்தனையோ பேர் மனுக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்தக் கட்டில் எங்கள் ஊர் வானம் இருந்தது, அதில் பொய் இல்லை. தியாகு அண்ணனின் நெல்லில் ஒரு மணிகூட முளைக்கவில்லை. அவ்வளவையும் எடுத்துக்கொண்டார்கள். கடைசி மூட்டை லாரி ஏறியபோது கொள்முதல் நிலைய வாசலில் நின்று நான் சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டினேன். கல்லூரிக்குத் திரும்பியதும் மாடி ஏறி, கருவிக்கு நானே ஒரு பொட்டு வைத்தேன். குழாய்க்கு அடியில்தான். பக்கிரிசாமி அண்ணன் சாட்சி. அன்று மாலை நாலு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. குவியல் இல்லாத வெறும் தரை, மடித்து வைத்த படுதா, பின்னால் தொட்டி, டவர், கோபுரம் மூன்றும் துல்லியமாக. 'மாலை வணக்கம்' என்று எழுதியிருந்தது. அதற்கு நான் முதன்முறையாகப் பதில் வணக்கம் போட்டேன்.

சென்னைப் புரொபசருக்கு இப்போது அந்தப் படங்களின் மேல் தீராத ஆசை. வத்தல் என்றவர்தான், அடுத்த பருவத்துக்கும் அதே இடத்திலிருந்து மூன்று வேளையும் வேண்டும் என்கிறார். தியாகு அண்ணனிடம் கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "வணக்கம் எத்தனை வேணாலும் போடறேன் மேடம். ஆனா அந்தக் கட்டையில திரும்ப உக்காருன்னு மட்டும் சொல்லாதீங்க, நெல்லு காய்ஞ்ச கையோட நான் வீட்டுக்குப் போகணும்."

ஆக, வானத்தை அளக்க விலை உயர்ந்த ஒரு கண்ணாடியும் வேண்டும், அது கண்ணை மூடிக்கொள்ளும் நாளில் இடத்தைவிட்டு நகர முடியாத ஒரு மனிதரும் வேண்டும்; இரண்டில் நான் துடைத்துக்கொண்டிருந்தது கண்ணாடியை மட்டும்தான்.